டோர்சியின் சினிமாக் கத்தி

வெல்டா ஹேக்லருக்கு அந்தக் கத்தியைக் கண்டாலே ஆகாது. அலகு மட்டுமே அவள் முழங்கையிலிருந்து விரல்கள் வரை வரும். முதுகுப் பக்கம் ரம்பம் போலப் பல் வெட்டியிருக்கும். நுனியில் மேல்பக்கம் பிறை மாதிரிக் குழிந்து ஊசியாக முடியும். பிடிக்கு முன்னால் பித்தளையில் ஒரு குறுக்குத் தண்டு. இடுப்பில் கட்டினால் உறை தொடையைத் தாண்டித் தொங்கும். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அதை வைத்து அவள் புருஷன் டோர்சி ஒரு வெங்காயம்கூட நறுக்கிக் கொடுத்ததில்லை.

அது ஒரு சினிமாவிலிருந்து வந்த கத்தி. அவர்கள் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து வெளியே போன மாலையில் பார்த்த படம். வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கிற திறந்தவெளிக் கொட்டகை. பனிமலையில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன், போவி என்கிற பெரிய வேட்டைக் கத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக் கடத்துகிற கதை. படம் பாதி ஓடும்போது பக்கத்து ஓடையிலிருந்து மூடுபனி எழுந்து திரையை மூடிவிட்டது. ஆள் தெரியவில்லை, மலை தெரியவில்லை. சில நேரம் அந்தக் கத்தி மட்டும் பனிக்குள்ளிருந்து பளிச்சென்று எட்டிப் பார்க்கும். மற்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போய்விட்டன. டோர்சியின் வண்டி மட்டும் நின்றது. "இப்ப அவன் குடிசை கட்டிட்டு இருப்பான். இப்ப மரத்தைக் குடைஞ்சு படகு செய்வான்," என்று அவன் வெறும் வெள்ளையைப் பார்த்தபடி கதை சொல்லிக்கொண்டே இருந்தான். இவ்வளவு பேசுகிறவனோடு வாழ்ந்தால் வீடு கலகலவென்று இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த மாதமே தபாலில் எழுதிப்போட்டு அந்த மாதிரிக் கத்தி ஒன்றை அவன் வரவழைத்தான். கல்யாணமும் ஆயிற்று. பேச்சுத்தான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மரம் அறுக்கும் ஆலையில் ரம்பங்களுக்குக் கூர் வைக்கிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், உப்பு எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் வாய் திறக்காது. வருஷத்துக்கு ஒரு முறை, அக்டோபரில், சிநேகிதன் ஹார்லன் போக்கோடு மூன்று நாள் ஆற்றில் படகு விடப் போவான். அலுமினியப் படகு, ஒரு போர்வைக் கட்டு, ஒரு வாணலி, அந்தக் கத்தி. திரும்பி வரும்போது புகை வாசனையோடு, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முகத்தோடு வருவான். அங்கே என்ன நடக்கிறது என்று அவள் கேட்டதில்லை. அவன் சொன்னதும் இல்லை.

அந்த வருஷம் ஹார்லனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். வியாழக்கிழமை சாயங்காலம் டோர்சி வீட்டுப் பின்கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வெல்டா, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் வரேன்," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "தரையில படுக்கணும்."

"தெரியும்."

"கழிப்பறை கிடையாது."

"யோவ், வரேன்னு சொன்னா வரேன். துடுப்பு எந்தப் பக்கம் பிடிக்கணும்னு மட்டும் சொல்லு."

மறுநாள் காலையில் தீவனக் கடையில் ரொட்டிக்கும் சோளமாவுக்கும் நிறுத்தினார்கள். டோர்சியின் இடுப்பில் தொங்கியதைப் பார்த்ததும் கல்லாவில் இருந்த கார்வின் எழுந்து நின்று சல்யூட் அடித்தான்.

"என்ன டோர்சி, படையெடுத்துக் கிளம்பிட்ட போல. எந்த நாட்டு மேல?"

"வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போறான்டா," என்றான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த இன்னொருவன். "எதிரி பாடு திண்டாட்டந்தான்."

டோர்சி வழக்கம்போலச் சிரித்துவிட்டுக் காசை எண்ணி வைத்தான். வெல்டாவுக்குத்தான் சுருக்கென்றது. "உனக்கு வயித்தெரிச்சல், கார்வின். உன் கத்தியை வெச்சுப் பல்லு குத்தத்தான் முடியும்," என்றாள். வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகுதான், தான் கத்தியின் பக்கம் பேசிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

ஜாக்ஸ் ஃபோர்க் ஆற்றில் போன வாரம் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. தண்ணீர் மறுபடி கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. படகின் நிழல் ஆற்றின் அடியில், கூழாங்கற்கள் மேல் தனியாக ஊர்ந்துகொண்டு வந்தது. தாங்கள் காற்றில் போகிறோம், படகு கீழே எங்கோ போகிறது என்று தோன்றியது வெல்டாவுக்கு. இரண்டு கரையிலும் சிக்கமோர் மரங்கள் பட்டை உரிந்து எலும்பு நிறத்தில் நின்றன. இலைகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தண்ணீரில் இறங்கின. நாரை ஒன்று ஒவ்வொரு வளைவிலும் அவர்களுக்கு முன்னால் எழுந்து பறந்து, அடுத்த வளைவில் போய்க் காத்திருந்தது. துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் கையைத் தண்ணீரில் விட்டாள். எத்தனை மணி என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

பின்மதியத்தில் ஒரு கூழாங்கல் திட்டில் இறங்கினார்கள். அங்கேதான் அவன் கத்தியை உருவினான். கரையில் ஒதுங்கிய கட்டையை நிறுத்தி, அலகை அதன் தலையில் வைத்து, இன்னொரு தடியால் கத்தியின் முதுகில் அடித்தான். பல் இருக்கிற இடத்தை விட்டு நுனிப் பக்கமாக மட்டும் அடித்தான். கட்டை ரொட்டி மாதிரி இரண்டாகப் பிரிந்தது. பிறகு ஒரு குச்சியைச் சீவினான். முழுக்கச் சீவிவிடாமல், சுருள் சுருளாகக் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி. பார்க்க ஒரு பூ மாதிரி இருந்தது. ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது.

"அந்த ரம்பப் பல்லு எதுக்கு? அழகுக்கா?" என்று கேட்டாள்.

"வந்த புதுசுல அழகுக்குத்தான். வெண்ணெயைக்கூட அறுக்காது. சினிமாவுல பாக்க நல்லா இருக்கணும்னு வெட்டினது." அவன் கட்டைவிரலால் பற்களைத் தடவினான். "ஆலையில அரத்தை வெச்சு ஒவ்வொரு பல்லா நானே மாத்தி வெட்டினேன். ரெண்டு குளிர்காலம் ஆச்சு. இப்ப அறுக்கும்."

"ரெண்டு குளிர்காலமா? எனக்குத் தெரியாம எப்ப?"

"சாப்பாட்டு இடைவேளையில."

பன்றி இறைச்சித் துண்டுகள் வாணலியில் சுருண்டன. அவன் ஒரு ஆப்பிளை எடுத்து, அந்த ராட்சசக் கத்தியால் தோல் சீவ ஆரம்பித்தான். அலகின் அடிப்பக்கத்தில், பிடிக்கு ஒட்டினாற்போல, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு. தோல் ஒரே நாடாவாக அறுந்துபோகாமல் மடியில் இறங்கியது. ஆப்பிளை நாலாக வகுந்து, ஒரு துண்டைக் கத்தி நுனியில் வைத்து அவளிடம் நீட்டினான். அவள் பயப்படாமல் எடுத்துக்கொண்டாள்.

மென்றுகொண்டே இருந்தவள் திடீரென்று சொன்னாள்: "பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி உன் கத்தி காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? வாசல்ல பழைய சாமானெல்லாம் பரப்பி வித்தோமே, அந்த வாரம்."

"ம்."

"நான்தான் தள்ளிவிட்டேன். உன் மேல கோவம். என்ன கோவம்னு இப்ப ஞாபகமில்ல. சால்வேஷன் பாறைப் பக்கத்திலேருந்து வந்த ஒரு கிழவன் கையில குடுத்து எடுத்துட்டுப் போன்னுட்டேன்."

டோர்சி அடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டான். "தெரியும்."

"எப்படித் தெரியும்? நீ தபால்ல வேற ஒண்ணு வரவழைச்சேன்னுல்ல நினைச்சேன்."

"மூணு மாவட்டம் சுத்தி அந்தாளைக் கண்டுபிடிச்சேன். என் நல்ல தூண்டில் ராட்டையைக் குடுத்து மாத்திக்கிட்டேன். 'உங்க வீட்டம்மா ரொம்ப நல்லவங்க தம்பி, சும்மாவே தூக்கிக் குடுத்துட்டாங்க'ன்னான்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கலயே நீ."

"கேட்டிருந்தா அந்தக் கோவம் எதுக்குன்னு நீ சொல்லியிருப்ப. அப்புறம் நான் திருந்தணும்." அவன் முகத்தில் சிரிப்பு இல்லை; கண்ணில்தான் இருந்தது. வெல்டாவுக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு எதிர்க்கரைப் பாறையில் பட்டு, வேறு யாரோ சிரிப்பது போலத் திரும்பி வந்தது. இருட்டும் முன்பே தூங்கிப்போனார்கள்.

விடியலில் அவள் கண் விழித்தபோது உலகத்தைக் காணோம். ஆறு இல்லை, கரை இல்லை, பத்தடி தள்ளிக் கவிழ்த்திருந்த படகு இல்லை. எல்லாம் வெள்ளை. மூடுபனி அவள் முகத்தை ஈரத் துணி மாதிரித் தொட்டது. தான் இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று அவள் தன் கையைப் பார்த்தாள். கை இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கொல்லன் பட்டறைத் துருத்தியை யாரோ மெல்ல அழுத்தி அழுத்தி விடுவது போல ஒரு மூச்சு. தண்ணீருக்கு மேலிருந்து வந்தது.

டோர்சி ஏற்கெனவே எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். உதட்டில் விரல் வைத்தான். இரண்டு பேரும் கூழாங்கல்லில் சத்தம் எழாமல் மேலாற்றுப் பக்கம் நடந்தார்கள். பனி கொஞ்சம் விலகி மறுபடி மூடியது. விலகிய நேரத்தில் கரையில் நாலைந்து குதிரைகள் நின்றன. அந்தக் காட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகிற கூட்டம். கழுத்தை ஒரே திசையில் நீட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டு, சிலை மாதிரி அசையாமல் நின்றன. அவை பார்த்த இடத்தில், வெள்ளத்தில் வேரோடு சாய்ந்து வந்து மாட்டிக்கொண்ட ஒரு மரக் குவியல். அதன் நடுவில், வயிறு வரை தண்ணீரில், ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. பனிக்கும் அதன் உடம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்கள் மட்டும் கறுப்பாக, தனியாக மிதந்தன.

யாரோ ஆற்றின் குறுக்கே கட்டி மறந்துபோன தூண்டில் கயிறு. நீளத்துக்கும் முள் தொங்குகிற நைலான் கயிறு. அது குவியலோடு சுருண்டு குதிரையின் கழுத்தில் விழுந்திருந்தது. முன்னங்கால் ஒன்று, தண்ணீருக்கடியில், மணிக்கட்டுப் பருமன் வேர் ஒன்றுக்கும் அடிமரத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது.

டோர்சி தண்ணீரில் இறங்கினான். குதிரை தலையைத் தூக்கி உதறியது. குவியல் முழுக்க முனகியது.

"சரிம்மா. சரி சரி. ஒண்ணுமில்ல," என்றான் டோர்சி.

வெல்டா கரையில் நின்றுவிட்டாள். அந்தக் குரலை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். "பயப்படாத ராசாத்தி. ராவெல்லாம் நின்னியா? கால் மரத்துப் போச்சா? உன் ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க பாரு. ஒருத்தர் கூடப் போகல." அவன் பேசிக்கொண்டே போனான். நிறுத்தவே இல்லை. மார்பளவு தண்ணீரில் நின்று குதிரையின் தாடையில் கையை வைத்தான். அது வைக்கவிட்டது. அவன் கொஞ்சம் கையை எடுத்தாலும் அதன் தோல் முழுக்க நடுங்கியது. மறுபடி வைத்தால் நடுக்கம் நின்றது.

அதே குரலில், முகத்தைத் திருப்பாமல், "வெல்டா, நான் கையை எடுக்க முடியாது. நீதான் வரணும். என் இடுப்புல இருக்கு. எடுத்துக்கோ," என்றான்.

ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர், ஐஸ் மாதிரிக் குளிர். தொடையில் ஏறியபோது அவளுக்கு மூச்சே நின்றது. அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று, உறையின் வாரைத் தளர்த்தி, கத்தியை உருவினாள். எத்தனையோ வருஷம் தூசி தட்டி நகர்த்தி வைத்த பொருள். ஒருநாளும் உறையிலிருந்து உருவிப் பிடித்ததில்லை. நினைத்ததைவிட கனம். ஆனால் அந்தக் கனம் எங்கே போக வேண்டும் என்று அதற்கே தெரிந்தது போல இருந்தது.

"முதல்ல கழுத்துக் கயிறு. கூர்ப்பக்கம் வெளியே பாக்கட்டும். முள்ளைப் பாத்துக்கோ."

கயிற்றுக்கும் குதிரையின் கழுத்துக்கும் நடுவே அலகைச் செருகி வெளிப்பக்கம் இழுத்தாள். நைலான் நூல் மாதிரித் தெறித்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒரு முள் அவள் கைச்சட்டையில் மாட்டியது. சட்டையைக் கிழித்துக்கொண்டு கையை விடுவித்தாள்.

"இப்ப வேர்."

மேலே தெரிந்த பாகத்தில் வெட்டினாள். சில்லுகள் பறந்தன. ஆனால் கால் சிக்கியிருந்த இடம் தண்ணீருக்குள் இருந்தது. அங்கே ஓங்கினால் தண்ணீர் அடியை வாங்கிக்கொண்டது. கத்தி மெத்தையில் விழுந்தது போல நின்றது. அதைவிடப் பலமாக ஓங்கவும் முடியாது; குதிரையின் கால் பக்கத்திலேயே இருந்தது.

"திருப்பு," என்றான் டோர்சி. "பல்லை வெச்சு அறு."

தோள் வரை தண்ணீரில் முங்கி, கன்னம் குதிரையின் விலாவில் அழுந்த, அவள் கண்ணுக்குத் தெரியாத அந்த வேரை அறுத்தாள். இழு, தள்ளு. இழு, தள்ளு. குதிரையின் நெஞ்சுக்குள் இதயம் அடிப்பது அவள் காதில் கேட்டது. ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கவ்வி விடுவது விரல்களில் தெரிந்தது. இரண்டு குளிர்காலம், சாப்பாட்டு இடைவேளையில். எவ்வளவு நேரம் அறுத்தாள் என்று தெரியாது. மேலே அவன் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பனியில் அது அவளுக்குச் சொல்வதா குதிரைக்குச் சொல்வதா என்று பிரிக்க முடியவில்லை. "இன்னும் கொஞ்சந்தான். நீ நல்லவ. என்னை மாதிரி ஆளை யாரு இத்தனை நாள் பொறுத்துக்குவா? இன்னும் கொஞ்சந்தான்."

வேர் முறிந்த சத்தம் கேட்கவில்லை. கன்னத்தில் அழுந்தியிருந்த அந்த வெதுவெதுப்பான சுவர் திடீரென்று எழுந்தது. குதிரை பின்னங்காலில் நின்று, குவியலை உதறிக்கொண்டு பாய்ந்தது. அதன் தோள் பட்டு டோர்சி மல்லாந்து தண்ணீருக்குள் போனான். வெல்டா கத்தியை விடாமல், மறுகையால் துழாவினாள். தண்ணீர், தண்ணீர், பிறகு சட்டைக் காலர். பிடித்து இழுத்தாள். இருமிக்கொண்டு எழுந்தவன் முதலில் கேட்டது: "கால் ஊனுதா?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குதிரை ஆழமில்லாத இடத்தில் ஏறி, மூன்று காலில் நின்று, நாலாவதை மெதுவாக வைத்துப் பார்த்தது. ஊன்றியது. கரையில் நின்ற கூட்டம் திரும்பிக் காட்டுக்குள் நடந்தது. வெள்ளைக் குதிரை கடைசியாகப் போனது. பனி அதை முதலில் கால்களிலிருந்து எடுத்துக்கொண்டது, பிறகு உடம்பு, பிறகு வால். ஒரு குளம்பு கல்லில் பட்ட சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது.

திட்டுக்குத் திரும்பியபோது டோர்சியின் பற்கள் தந்தியடித்தன. கையில் தீப்பெட்டி நிற்கவில்லை. வெல்டா அவனைப் போர்வைக்குள் திணித்து உட்காரவைத்தாள். செத்துக் காய்ந்து நின்ற ஒரு சிடார் மரத்தில் கிளையைத் தறித்தாள். நேற்று அவன் செய்தது போலவே கட்டையின் தலையில் அலகை வைத்துத் தடியால் அடித்தாள். உள்மரம் காய்ந்து, சிவந்து, வாசனையாகப் பிளந்தது. சுருள் சீவ முயன்றாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதில் சுருளெல்லாம் கொட்டிவிட்டது. மூன்றாவது அசிங்கமாக, தலை கலைந்த கோழி மாதிரி வந்தது. ஆனால் பற்றிக்கொண்டது.

"கோணமா வைக்காத. படுக்க வெச்சுச் சீவணும்," என்றான் போர்வைக்குள்ளிருந்து.

"வாயை மூடிட்டுக் குளிர் காய்."

"சரிங்க அம்மணி."

காப்பி கொதித்தது. வெயில் பனியை மேலிருந்து கீழாக உரித்துக்கொண்டு வந்தது. இருவரும் வெகுநேரம் எதையும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு இத்தனை வகை உண்டு என்று வெல்டாவுக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் போன் அடித்தது. ஹார்லன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டானாம். டோர்சி சுவரில் சாய்ந்துகொண்டு, "ம். போனோம். ம். ரெண்டு மீன், சின்னதுதான். உடம்பைப் பாத்துக்கோ," என்று வைத்துவிட்டான்.

"ஏன்யா, அவன்கிட்டக்கூடச் சொல்லக் கூடாதா?"

அவன் கத்தியைச் சாணைக்கல்லில் வைத்து, துளி எண்ணெய் விட்டு, மெதுவாக வட்டம் போட்டான். "சொன்னா கேள்வி கேப்பான். தண்ணி எத்தனை அடி, குதிரைக்கு என்ன வயசுன்னு. பதில் சொல்லச் சொல்ல அது சின்னதாப் போயிடும். கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும், வெல்டா."

திங்கட்கிழமை, வெல்டா வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையில், மசித்த உருளைக்கிழங்கை அள்ள அவள் கரண்டியைத் தூக்கியபோது தோள் வலித்து மேலே எழவில்லை. பக்கத்தில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த இமோஜீன் கவனித்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு கைக்கு? மரமா வெட்டின?"

"ஆமா. வேர்."

"வேரா? எதுக்கு?"

சொல்ல வாயெடுத்தாள். பனி, மூச்சு, கன்னத்தில் அந்த வெதுவெதுப்பு. அதையெல்லாம் எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. கதவு திறந்து பிள்ளைகளின் முதல் வரிசை தட்டுகளோடு உள்ளே வந்தது. வெல்டா கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம் சொல்றேன், இமோஜீன்," என்றாள். "அவசரமில்ல."